கே.ஆர். சாரின் பத்து விரல்கள்

இரண்டாவது பீரியட் முடிந்து, பதினோராம் வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழையும்போது போன் அடித்தது. கே.ஆர். சாரின் மனைவி கோமதி அக்கா. அந்த நேரத்தில் அவர் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. எனக்கு வகுப்பு இருக்கும் என்று தெரியும். "ஸ்டெல்லா, சார் போயிட்டார். காபி குடிச்சிண்டே இருந்தார், அப்படியே சாஞ்சுட்டார்" என்றார். அவர் குரல் நடுங்கவில்லை. என் கையிலிருந்துதான் நோட்டுகளெல்லாம் தரையில் சரிந்தன. யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். யாரென்று இப்போது நினைவில்லை.

கே.ஆர். சாரிடம் கணக்குப் படித்தவர்களும், அவரோடு தி.நகரில் எங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நேற்றிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் "கணித மேதை" என்றும் "சகாப்தம்" என்றும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். படித்திருந்தால் மனுஷர் சிரித்திருப்பார். மேதையெல்லாம் இல்லை. நல்ல வாத்தியார், அதைவிட நல்ல சிநேகிதர், இரண்டையும்விடப் பெரிய பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்தோடு நான் எப்படி மல்லுக்கட்டினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் எனக்குக் கிடைத்த இடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி. நான் நொச்சிக்குப்பத்துப் பெண். என் டிபன் பாக்ஸில் மீன் குழம்பு இல்லாத நாள் குறைவு. அவர் மயிலாப்பூரில் வளர்ந்தவர், வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிறவர். முதல் நாள் மூடியைத் திறந்ததும், போச்சுடா, இவர் எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். எழுந்தார்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடியும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். "உங்க சாப்பாட்டை நீங்க சாப்பிடுங்கோ டீச்சர், என் மூக்கை நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் ரிட்டயர் ஆகும்வரை அந்த ஜன்னலைத் திறப்பது அவர் வேலையாகவே இருந்தது.

எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் மார்க் போடுவதில்தான். நான் உயிரியல், கேட்டதற்குப் பதில் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. சார் அப்படியில்லை. முப்பத்துமூன்று வாங்கிய ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார். ஓரத்தில் கிறுக்கிய ரஃப் ஒர்க்கில்கூட அரை மார்க் தேடுவார். "பையன் மூணாவது ஸ்டெப் வரைக்கும் சரியா வந்திருக்கான் டீச்சர். வழி தெரிஞ்சவன், வாசல்ல தடுக்கி விழுந்துட்டான். அவனைப் போய் வழி தெரியாதவன்னு எழுதச் சொல்றேளா?" என்பார். எப்படியாவது முப்பத்தைந்து ஆக்கிவிட்டுத்தான் பேனாவை மூடுவார். என் பேப்பர் கட்டைப் பார்த்துவிட்டு, "உங்க கையில இருக்கிறது பேனாவா, மீன் வெட்டற கத்தியா?" என்று ஒருமுறை கேட்டார். அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை. உங்களில் எத்தனை பேர் அந்த இரண்டு மார்க்கில் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டினீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கொரோனா வந்து போன பிறகு சாரின் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. அங்கங்கே தழும்பு விழுந்து இறுகிவிட்டது என்றார் டாக்டர். மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி அவர்கள் வீடு. படி ஏறி வந்தால் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிள்ளைகள் இல்லை. எனக்குப் பள்ளி விட்டதும் ரயில் நிலையப் பாலத்தை ஏறி இறங்கினால் அவர்கள் தெரு. அதனால் நான் போய்வந்துகொண்டிருந்தேன். டாக்டர் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் வாங்கி வைக்கச் சொன்னார். விரலில் கிளிப் மாதிரி மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண் காட்டுமே, அதுதான். காலையும் மாலையும் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் ஓய்வாக உட்கார்ந்த பிறகு, கையை அசைக்காமல், எண் நிலைத்து நிற்கும்வரை. "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொண்ணூறுக்குக் கீழே நின்னா யோசிக்காதீங்க, உடனே வந்துருங்க" என்றார் டாக்டர். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "கை சில்லுனு இருந்தா தப்பா காட்டும். சந்தேகமா இருந்தா தேய்ச்சு சூடு பண்ணிட்டு வேற விரல்ல ஒரு தடவை பாருங்க." சார் அத்தனையையும் விட்டுவிட்டு இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. கோமதி அக்கா எனக்குப் போன் செய்து, "ஸ்டெல்லா, ஓடி வா, அம்பத்தாறு காட்றது" என்றார். ஐம்பத்தாறு என்றால் மனுஷர் நினைவோடே இருக்க முடியாது. கிடைத்த ஆட்டோவில் ஏறி, சீக்கிரம் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே போனேன். இரண்டு மாடியும் ஓடி ஏறிப் பார்த்தால், சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அசையக்கூடாது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறார். பக்கத்தில் போய்க் கிளிப்பைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து. அக்கா எதிரே உட்கார்ந்துகொண்டு தலைகீழாகப் படித்திருக்கிறார். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த சார், "வாங்கோ டீச்சர். நான் உயிரோட இருக்கேனா, பாஸா ஃபெயிலா?" என்றார். எனக்குத்தான் அப்போது மூச்சு வாங்கியது. அந்தக் கிளிப்பை என் விரலில் மாட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு நாடி நூத்தி முப்பது. டாக்டர்கிட்ட இவாளை அழைச்சுண்டு போ" என்று அக்காவிடம் சொன்னார்.

அதன் பிறகுதான் அவருடைய வாத்தியார் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. வலது ஆள்காட்டி விரலில் தொண்ணூற்றொன்று வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். "ரீவேல்யுவேஷன்" என்று சொல்லிக் கையைத் தேய்த்து நடுவிரலில் மாட்டுவார். அது பிடிக்காவிட்டால் மோதிர விரல். எது அதிகமோ அதுதான் அன்றைய மார்க். அதைத்தான் எனக்கு மெசேஜ் அனுப்புவார். விரல்களை எக்ஸாமினர்களாகவே ஆக்கிவிட்டார். ஆள்காட்டி விரலுக்கு ஸ்டெல்லா என்று பெயர், ஏனென்றால் கையைச் சுருக்கி மார்க் போடுகிறதாம். மோதிர விரல் தாராளப் பிரபு. "ஸ்டெல்லா தொண்ணூத்தொண்ணுதான் போட்டா. பிரபு தொண்ணூத்திமூணு போட்டுட்டான். ரிசல்ட் தொண்ணூத்திமூணு" என்று ஒரு நாள் அனுப்பினார். சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது என்றெல்லாம் இப்போது சொல்ல மாட்டேன். சிரிக்காமல் அந்த வீட்டில் இருக்க முடியாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளியைப் பாதியில் விட்டார்கள். சப்வேயில் தண்ணீர் நிற்கிறது என்றதால் பாலம் வழியாகவே நடந்தேன். பாதி வழியில் சாரின் மெசேஜ் வந்தது: "தொண்ணூத்தி ரெண்டு." சாயங்காலம் அனுப்ப வேண்டியதை மத்தியானமே ஏன் அனுப்புகிறார் என்று உறுத்தியது. போய்க் கதவைத் தட்டினேன். அக்கா திறந்தார், முகம் வெளுத்துக் கிடந்தது. சார் கட்டில் ஓரத்தில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் வெந்நீர்ப் பை. இடது கைச் சுண்டு விரலில் கிளிப். பத்து எக்ஸாமினரிடமும் போய்வந்துவிட்டார் என்று புரிந்தது.

எட்டிப் பார்த்தேன். எண்பத்தாறு, நேராக, நிலையாக. "சார், கிளம்புங்க" என்றேன். அவருக்கு ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் சொன்னார்: "எதிர்ப்பக்கம்... வந்து பாருங்கோ டீச்சர்... தொண்ணூத்தெட்டு."

எனக்கு வந்ததே கோபம். "சார், நான் பயாலஜி டீச்சர். பத்து விரல்லயும் ஓடறது ஒரே ரத்தம். மெசேஜ்ல தொண்ணூத்தி ரெண்டுன்னு போட்டீங்களே, அது எந்த விரல்?" என்று கேட்டேன். "எந்த விரலும் இல்ல, ஸ்டெல்லா. இவரே போட்டுண்டது" என்றார் அக்கா. சார் தலையைக் குனிந்துகொண்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா... திரும்ப ஆத்துக்கு வரமாட்டேன் டீச்சர். எனக்குத் தெரியும்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிரபுவும் ரீவேல்யுவேஷனும் விளையாட்டே இல்லை. கொரோனா முதல் அலையில் அவருடைய தம்பியை ஆம்புலன்ஸில் ஏற்றியதோடு சரி. அதற்குப் பிறகு யாரும் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கோமதி அக்கா அதுவரை சாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் முன்னால் போய் நின்று, சுண்டு விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார். "ஏன்னா, எனக்கு உங்க மார்க் வேண்டாம். நீங்க வேணும்" என்றார். அவ்வளவுதான். சார் தலை நிமிர்ந்தார். பிறகு, "சட்டையைக் குடு" என்றார். ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியோடு தூக்கி இரண்டு மாடியும் இறக்கினார்கள். ஆக்சிஜன் முகமூடி போட்ட பிறகும் சார் அக்காவின் கையை விடவில்லை. நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

நிமோனியா. இன்னும் ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். சார் வீட்டுக்குத் திரும்பி வந்தார். திரும்ப வரமாட்டேன் என்று அடம்பிடித்த அதே வீட்டில், ஆக்சிஜன் மிஷின் ஹாலில் உறுமிக்கொண்டிருக்க, மூக்கில் குழாயோடு அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருந்தார். ஊஞ்சலில் உட்கார்ந்து அக்காவுக்கு வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தார். பழைய மாணவர்கள் வந்தால் அவர்களுடைய பிள்ளைகளின் மார்க்கை விசாரித்தார். என்னோடு மறுபடியும் சண்டை போட்டார். தினமும் மெசேஜ் வரும், ஆனால் முதலில் வந்த எண் மட்டும். தொண்ணூற்றொன்று என்றால் தொண்ணூற்றொன்று. குறைந்தால் குறைந்தது. அவர் தானாகப் போட்டுக்கொண்டது ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு வருஷத்தில் டாக்டரால் இரண்டு தடவை சரியான சமயத்தில் மருந்தை மாற்ற முடிந்தது என்றால், அதனால்தான்.

போன வாரம் வந்த மெசேஜில் எண்ணுக்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. "பயமா இருக்கு டீச்சர்." முப்பது வருஷப் பழக்கத்தில் அவரிடமிருந்து அப்படியொன்று வந்ததில்லை. பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். இனி ஆஸ்பத்திரியில் செய்யப் பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டிலேயே வசதியாக இருக்கட்டும் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அது மூன்று பேருக்கும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகாது சார் என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "எனக்கும்தான் சார்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கோமதிகிட்டயும் சொன்னேன். சொன்னப்புறம் கொஞ்சம் பரவாயில்லை. இது தெரியாம இத்தனை நாள் நானே சுமந்துண்டு இருந்திருக்கேன்" என்றார். பிறகு மூன்று பேரும் காபி குடித்தோம். அக்கா சர்க்கரை போட மறந்துவிட்டார், அதற்கும் சார் குறை சொன்னார்.

நேற்று சாரை எடுத்துக்கொண்டு போன பிறகு, அக்காவோடு அவருடைய தங்கை இருந்ததால், நான் கிளம்பினேன். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் நொச்சிக்குப்பம் போனேன். அங்கே என் அண்ணன் ரோட்டோரத்தில் மீன் கடை போட்டிருக்கிறான். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்து, "இன்னா ஸ்டெல்லா, நல்லாக்கீறியா?" என்றான். பார்க்கும்போதெல்லாம் கேட்பதுதான். நானும் எப்போதும் "நல்லாக்கீறேன்ணா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். அப்பா கடலில் இறந்துபோன அந்த வாரத்திலும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னோம்.

நேற்று அது வாயில் வரவில்லை. "இல்லண்ணா, நல்லா இல்ல. எங்க சார் செத்துட்டாரு" என்றேன். கே.ஆர். சார் எனக்கென்று விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன்: கேட்கிறவரிடம் உள்ளதைச் சொல்லும் தைரியம். அவருக்கே அது கடைசியில்தான் வந்தது, ஆனால் வந்தது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, வந்து நின்ற கிராக்கியை அப்புறம் வரச் சொல்லிவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.