துரை நட்ட பந்தக்கால்

வெள்ளைக்கார சர்வேயர் அடித்துவிட்டுப் போன அளவுக் கம்பை, அத்தை கல்யாணத்துக்கு நட்ட பந்தக்கால் என்று நம்பி விழுந்து கும்பிட்ட ஒரே ஆள் பிரிக்பீல்ட்ஸில் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகும் புத்தி பெரிதாக வளரவில்லை என்பது என் மனைவியின் கருத்து.

ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் எங்கள் பலகை வீட்டு வரிசை. எல்லா வீட்டு ஆண்களுக்கும் இஞ்சின் ஷெட்டில்தான் வேலை. அடுத்த வாரம் அத்தைக்குக் கல்யாணம். அப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வாசலில் சிவப்புத் தலையோடு ஒரு கம்பு நின்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். "பந்தக்கால் நட்டுட்டாங்க!" என்று தெருவெல்லாம் கத்தினேன். ஆண்கள் யாரோ நட்டிருப்பார்கள் என்று பெண்களும் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, குலவை போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் வந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி, இது ரோட்டுக் கம்புடா! இந்த வரிசையவே இடிக்கப் போறானுங்க."

மேட்டிலிருந்த துரைமார் கிளப்பிலிருந்து ஸ்டேஷனுக்கு நேராக ஒரு கார் ரோடு வரப்போகிறதாம். குறுக்கே நாங்கள். அவர்களுடைய பிளானில் எங்கள் வீடுகளே இல்லையாம்.

தாய்மாமா மட்டும் கம்பைச் சுற்றிவந்து பார்த்துச் சிரித்தார். "மச்சான், கும்பிட்டாச்சு. கல்யாணம் முடியாம பிடுங்குனா நல்லாவா இருக்கும்? பந்தலப் போடுலா."

முகூர்த்தத்தன்று காலையில் கடப்பாரை ஆட்களோடு துரை வந்து இறங்கினார். எதிரே வாழைமரம், நாதஸ்வரம், மாலை போட்ட அவருடைய கம்பு. ஷெட்டு ஆட்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டியோடு பந்தலில் நின்றார்கள்.

"எப்ப முடியும்னு துரை கேக்கறாரு," என்றார் கூட வந்த ஆபீஸ் குமாஸ்தா, கிராணி.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார்: "இன்னைக்கி ஒரு கல்யாணந்தாங்க. கம்ப எடுத்தா நாளைக்கும் ஒண்ணு வச்சிருவோம். நாளான்னைக்கும் வப்போம். எங்க வரிசையில பொண்ணுங்களுக்கா பஞ்சம்?"

துரை எங்களையெல்லாம் பார்த்தார். பிறகு ஷெட்டுப் பக்கம் திரும்பி, புகையில்லாத வானத்தை வெகுநேரம் பார்த்தார். பாவம், பசி போல என்று நினைத்து நான் ஓடிப்போய் ஒரு வடை கொடுத்தேன். வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

ரோடு பிறகு வந்தது. எங்கள் வரிசைக்கு முன்னால் ஒரு வளைவு வளைந்து, கிளப்பின் டென்னிஸ் மைதானத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு போனது. அன்று வீட்டுக்கு வீடு பாயசம். எல்லாம் நான் கும்பிட்ட கம்பின் மகிமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அத்தையின் பேத்தி கல்யாணத்திலும் அதைத்தான் ஊர்கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"கம்புக்கு எவன்டா பயந்தான்? அன்னைக்கி ஷெட்டுல ஒரு இஞ்சினும் நகரலடா, முண்டம்."