எழுதிக் கொடுக்காத நம்பர்

எண்பதுகளில் பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து மீன்பிடி வேலைக்காக பஹ்ரைன் கிளம்பினேன். வாசலில் என் மனைவி, "பாஸ்போர்ட் நம்பர ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போ. தொலைஞ்சிட்டா இன்னா பண்ணுவ?" என்றாள். கடலுக்குப் போகிறவனிடம் தொலைகிற பேச்சை எடுக்கவே கூடாது என்பது எங்கள் வழக்கம். "வாய மூடுடி, அபசகுனமா பேசாத!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

போன அன்றே படகு முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். எட்டாம் மாதம், என்னைப் பெத்த நைனாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்தது. முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. மாற்றுப் பாஸ்போர்ட் கேட்டு இந்தியத் தூதரகத்துக்கு ஓடினேன். "நம்பர் என்ன?" என்றார் அதிகாரி. எனக்குத் தெரியவில்லை. நம்பர் இல்லாமல் என் பதிவைத் தேடி எடுக்க இரண்டு மாதம் ஆனது.

நைனாவுக்குக் கொள்ளி வைத்தது என் தங்கச்சி புருஷன். அந்தச் சீட்டைப் பற்றி மனைவி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்திருந்தால் தேவலை.