உள்ளங்கையில் பார்த்த இழுவை

அந்தப் பக்கம் எந்த வீட்டு டேங்கில் தண்ணீர் ஏறவில்லையென்றாலும் "மோட்டாரைக் கூப்பிடு" என்பார்கள். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவனுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் கல்யாணப் பத்திரிகையோடு சரி.

ஆள் கெட்டிக்காரன்தான். மூடியைக் கழற்றுவதற்கு முன்னாலேயே, காதைக் கொடுத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். முக்கால்வாசி இடத்தில் ஒரே கோளாறுதான், எங்கேயோ காற்று கசியும். அதை அடைத்தால் தண்ணீர் வந்துதானே ஆக வேண்டும். இத்தனை வருஷம் அவனுக்குச் சோறு போட்டது இந்த ஒரு பாடம்.

தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் முதல் குழந்தை பிறந்தது. பெண். மனைவி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள், லீவு முடியப் போகிறது. வேலைக்குப் போனால் தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டுமே என்று, அதற்கென்றே கரண்ட்டில் ஓடுகிற ஒரு பம்ப் வாங்கி வந்தான். முதல் தடவை பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அவள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பாலே இல்லை என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். அவனுடைய அக்கா வேறு வந்து, பவுடரைக் கரைத்துக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே, இதற்கு ஒரு மிஷினா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மோட்டாருக்கு அது பொறுக்கவில்லை. மனைவி குளிக்கப் போன நேரத்தில் பம்பைச் சமையலறைத் தரையில் பிரித்துப் போட்டான். உள்ளே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாகக் காற்று விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அட, இவ்வளவுதானா என்று பசை வைத்து அடைத்தான். உள்ளங்கையில் வைத்து ஓட்டிப் பார்த்தான். ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போன கை. அந்தத் தோலையே கப்பென்று பிடித்தது. நல்ல இழுவை என்று திருப்தியாக மூடி வைத்தான். அவளிடம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அன்றைக்குக் கொஞ்சம் கூடத்தான் வந்தது. பார்த்தாயா என்று மீசையைத் தடவிக்கொண்டான். அவள் துண்டின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவளுக்கும் இது முதல் பிள்ளை. எல்லாத் தாய்க்கும் இப்படித்தான் இருக்கும் போல, நமக்குத்தான் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். காம்பு வெடித்தது. பாட்டிலில் பால் லேசாகச் சிவந்து விழுந்தது. அப்புறம் குழந்தையை எடுத்தாலே அவளுக்குத் தோள் விறைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் போகட்டும், கொஞ்ச நேரம் போகட்டும் என்று தள்ளிப் போடப் போட, இருந்த பாலும் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தை துணியை நனைப்பதும் குறைந்தது. ஒருநாள் வேலையிலிருந்து வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். காதால் கோளாறு கண்டுபிடிக்கிறவன் அல்லவா, குழந்தையின் அழுகை மெலிந்திருந்தது அவனுக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடை போட்டாள். போன தடவையைவிடக் குறைவு. டாக்டர் பார்த்துவிட்டு, எடை ஏறுகிறவரை தாய்ப்பாலோடு பவுடர் பாலும் கொடுக்கச் சொன்னார். அக்கா சொன்னதே நடந்தது.

நர்ஸ் அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள், அவனும் ஓரமாக நின்றான். பாட்டிலைப் பார்த்துப் பால் இல்லையென்று சொல்லக் கூடாதாம். பம்பில் ஆரம்பத்தில் நிறையப் பேருக்குக் கொஞ்சம்தான் விழுமாம். குழந்தையின் எடையும் நனைகிற துணியும்தான் கணக்காம். பிறகு புண்ணைப் பார்த்துவிட்டு, பம்பின் இழுவையை எந்த அளவில் வைத்தாய் என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் கீழதான் சிஸ்டர்."

"கீழ வச்சா இப்படி ஆகாதேம்மா."

பையில் கொண்டுவந்திருந்த பம்பை வாங்கி, மார்பில் பொருத்துகிற புனலின் அளவைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மோட்டார் ஓரத்திலிருந்து முன்னால் வந்தான்.

"அதுல காத்து போற ஓட்டை ஒண்ணு இருந்துச்சு சிஸ்டர். நான்தான் அடைச்சேன்."

நர்ஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

"அது இழுத்ததை விடுறதுக்கு வச்சதுண்ணே. குழந்தை இழுக்கும், விடும், முழுங்கும். நீங்க விடவே விடல. வலிச்சா பால் இறங்காது."

மனைவி அவனைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எனக்குத்தான் பொறுமை இல்லன்னு நெனச்சேன்."

புண் ஆறுகிறவரை பம்பே வேண்டாம் என்றாள் நர்ஸ். வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கையால் பால் எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு வலி குறைந்த பக்கத்தில் குழந்தையைப் போடச் சொன்னாள். காம்பை மட்டும் கொடுக்காதே, வாயை நல்லா திறந்ததும் கருவட்டத்தோடு சேர்த்துக் கொடு, தாடை மார்பில் ஒட்டணும் என்றாள். முழுங்குகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இரு என்றும் சொன்னாள்.

குழந்தை சப்பியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் சப்புதல்தான் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, தொண்டையில் ஒரு முழுங்கு. அப்புறம் மறுபடியும் வெறும் சப்புதல்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யார் வீட்டிலோ தண்ணீர் ஏறவில்லை போல. எடுக்காமல் அணைத்தான். மோட்டார் அடுத்த முழுங்குக்காகத் தலையைச் சாய்த்து நின்றான். அவள் கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றாள்.