மேயர் தெருவுக்குக் கடைசியில்

ஆர்டிஸ் லிண்டால் பதினெட்டு வருஷம் ஆல்டர் ஃபால்ஸின் மேயராக இருந்தாள். நகரம் என்று பெயர்தான். மொத்தமே நாலாயிரம் பேர். மேயர் வேலையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்பதால் முன்பிருந்தே ஓட்டிவந்த பள்ளிக்கூட பஸ்ஸைக் காலையும் மாலையும் தொடர்ந்து ஓட்டினாள். எந்தத் தெருவில் எங்கே குழி என்பது அவள் முதுகெலும்புக்கே தெரியும். குழியைப் பற்றிப் புகார் சொல்ல யாராவது வாயைத் திறந்தால், "மேப்பிள் தெரு, சர்ச் திருப்பம்தானே? நேத்து எனக்கே பல்லு ஆடிப்போச்சு" என்று அவளே முந்திக்கொள்வாள். வந்தவருக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

அவளை அரசியலுக்கு இழுத்து வந்தது பனி. முன்பிருந்த மேயர், ஆஸ்பத்திரி வாசலுக்கும் முன்னால் தன் வீட்டு வாசலுக்கு, தெருப் பனியை வழித்துத் தள்ளும் லாரியை வரவழைத்துக்கொள்கிற மனுஷன். ஒரு பிப்ரவரியில் முப்பது பிள்ளைகளோடு ஆர்டிஸின் பஸ் பனியில் புதைந்து இரண்டு மணி நேரம் கிடந்தது. அன்று சாயங்காலமே பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நகரசபைக் கூட்டத்துக்குப் போய் ஒரு பிடி பிடித்தாள். அடுத்த தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். முதல் கூட்டத்திலேயே லாரி போகிற வரிசையை மாற்றி எழுதினாள். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூடம், அப்புறம் மற்ற தெருக்கள். கடைசி வரி இப்படி இருந்தது: மேயர் யாராக இருந்தாலும் அவர் குடியிருக்கும் தெரு எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்த மகிழ்ச்சியில் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். பிர்ச் தெருவில் அவள் மட்டும் குடியிருக்கவில்லை. இன்னும் பத்து வீடுகள் இருந்தன.

எதிர் வீட்டு ஆர்வில் ஹாஸ் அதை அவளுக்கு மறக்க விடவே இல்லை. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயசு, நாக்கு மட்டும் இருபது வயசு. விடியற்காலையில் எழுந்து, முதுகு ஒடிய வாசல் பனியை வாரி முடித்து, காபியோடு உட்காருவார். பகல் பன்னிரண்டு மணிக்கு லாரி வரும். தெருப் பனியை வழித்து, அவர் சுத்தம் செய்த வாசலிலேயே இடுப்பளவு மேடாகக் குவித்துவிட்டுப் போகும்.

"ஏம்மா ஆர்டிஸ்! நீ உத்தமியா இரு, வேணாங்கல. அதுக்கு என் இடுப்புதான் கிடைச்சுதா?" என்று அங்கிருந்தே கத்துவார்.

"வந்து வாரித் தர்றேன், ஆர்வில்."

"ஒண்ணும் வேணாம். மேயர் வந்து வாரினா ஊரே போட்டோ எடுக்கும். உனக்கு அதுல நாலு ஓட்டு கூடும்!"

இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். பத்தாவது தேர்தல் வந்தது. எதிரே நின்றவன் க்ரெய்க் ஸ்டாங், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். சின்ன வயசில் ஆர்டிஸின் பஸ்ஸில் மூன்று முறை வாந்தி எடுத்தவன். இப்போது நாற்பது வயசு, நல்ல மனுஷன், அதுதான் சங்கடம். தேர்தலுக்கு முந்தின வாரம் லுத்தரன் சர்ச்சில் லுட்டஃபிஸ்க் மீன் விருந்து. கூழாகக் குழைந்த அந்த மீனுக்கு ஊரே வரிசையில் நின்றது. ஆர்வில் தட்டோடு வந்து, நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"இந்தத் தடவை என் ஓட்டு உனக்குக் கிடையாது. பிர்ச் தெருவுல ஒரு ஓட்டு விழாது, பாத்துக்க."

ஆர்டிஸ் சிரித்தபடி இன்னொரு கரண்டி மீனைப் போட்டுக்கொண்டாள். அந்த மீன் அவளுக்கு ஆகவே ஆகாது. கலங்கிப்போனாள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகும்போது புருஷன் மெர்ல் மெல்லக் கேட்டான். "தெருவை ரெண்டு இடம் மேல ஏத்திவிட்டா என்ன? குடியா முழுகிடும்?"

"ரெண்டு இடம் ஏத்துனா அப்புறம் நாலு இடம் ஏத்தத் தோணும். முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பாரு."

"சரி, அப்ப தோத்துப்போ" என்றான் மெர்ல், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

தோற்றுத்தான் போனாள், ஒன்பதே ஓட்டில். பிர்ச் தெருவில் மொத்தம் இருபத்து மூன்று ஓட்டு. கணக்கு அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

க்ரெய்க்கிடம் தோற்றது அவளுக்கு வலிக்கவில்லை. தன் தெருவே தன்னைத் தள்ளிவிட்டதே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அந்த ஊரில் காரில் எதிரே வருகிற யாருக்கும் வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். தூக்காவிட்டால் கொலைக் குற்றத்துக்கு ஒரு படிதான் கீழே. ஆர்டிஸ் இரண்டு மாசம் பிர்ச் தெருவில் விரலைத் தூக்கவே இல்லை. ஆர்வில் வாசலில் நின்றால் பார்வையை நேரே வைத்துக்கொண்டு போனாள்.

ஜனவரி முதல் வாரம் க்ரெய்க் பதவியேற்றான். இரண்டாம் வாரம் பதினாறு அங்குலம் பனி கொட்டியது. பள்ளிக்கூடம் லீவு. இப்படிப்பட்ட நாளில் லாரி ஓட்டும் டூயேன் விடியுமுன்னே, "மேயரம்மா, கிளம்பட்டுமா?" என்று போன் போடுவான். அன்று போன் அடிக்கவில்லை. ஆர்டிஸ் அதைப் பார்த்தபடி அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

ஆறரை மணிக்கு லாரிச் சத்தம் கேட்டது. இனி இது மேயர் தெரு இல்லை. முறைப்படி இதற்கு ஐந்தாவது இடம். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக விடியும் நேரத்தில் பிர்ச் தெருவுக்கு லாரி வந்தது. வந்தது, திருப்பத்திலேயே நின்றது.

ஆர்டிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். நடுத்தெருவில், முழங்கால் பனியில், பனி வாரும் ஷவலை ஊன்றி ஆர்வில் நின்றிருந்தார்.

"வழிய விடுங்க, தாத்தா" என்று டூயேன் ஜன்னலிலிருந்து கத்தினான்.

"எங்கடா வந்த? இது மேயர் தெரு. ஊரெல்லாம் முடிச்சிட்டுக் கடைசியா வா."

"மேயரு இப்ப க்ரெய்க். அவரு தெருதான் இனிமே கடைசி. லிஸ்ட்ல இருக்கு."

"லிஸ்டைத் தூக்கிக் குப்பையில போடு. எங்க மேயரு இங்கதான் இருக்கா."

ஆர்டிஸ் படியிறங்கி வந்தாள். "ஆர்வில், என்ன இது? எனக்கு ஓட்டுப் போட மாட்டேன்னு நீங்கதானே சர்ச்சுல..."

"சொன்னேன். தபால்காரன் வாயில வர்றதெல்லாம் நிஜம்னு யாரு சொன்னா? பத்துத் தடவையும் உனக்குத்தான் போட்டேன். இந்தத் தெருவுல எல்லாரும்தான். சொன்னா உனக்குத் தலைக்கனம் ஏறிடும்னு சொல்லல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "உன்னைக் கவுத்தது வாசல் தானா சுத்தமாகுதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கிற மத்த தெருக்காரங்க. பனிய வாரினவனுக்குத்தாம்மா உன் அருமை தெரியும்."

பத்து வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஆளாளுக்குக் கையில் ஷவல். அந்த ஊர்க்காரர்களுக்கு அதற்கு மேல் பாசத்தைக் காட்டத் தெரியாது.

"மேயரம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று டூயேன் கேட்டான்.

ஆர்டிஸ், மற்ற தெருக்களை முடித்துவிட்டு வா என்கிற மாதிரி மேப்பிள் தெருப் பக்கம் கையைக் காட்டினாள். டூயேன் லாரியைப் பின்னுக்கு எடுத்தான். போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான். அவளும் தூக்கினாள், முதலில் அவனுக்கு, அப்புறம் ஆர்விலுக்கு.

"கையை ஆட்டினது போதும்" என்றார் ஆர்வில். "போய் ஷவல எடுத்துட்டு வா. இப்பதான் நீ மேயர் இல்லையே, என் வாசலை வாரலாம்."