நாய்க்குப் பார்த்த பொருத்தம்

சேத்தூர் ஐயாதுரைக்கு நாய் விஷயத்தில் தாட்சண்யமே கிடையாது. அவர் வளர்க்கும் ராஜபாளையம் நாயோடு ஜோடி சேர்க்க யார் வந்தாலும், வந்த நாயின் பாட்டன் பூட்டன் வரைக்கும் விசாரிப்பார். எங்காவது சொந்தம் இடித்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். "ஒரே ரத்தத்துல சேத்தா குட்டிக்குக் கண்ணோ காதோ போயிரும்" என்பார். இந்த மனிதர்தான் தன் ஒரே மகள் செல்வலட்சுமியைத் தங்கச்சி மகன் வினோத்துக்குத் தருவதாக, அவள் தொட்டிலில் கிடக்கும்போதே வாக்குக் கொடுத்தவர். மனிதருக்குச் சட்டம் வேறு போலிருக்கிறது.

மருமகன்மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. மில் வேலை முடிந்ததும் வினோத் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருப்பான். ராத்திரி ஊர் சுற்றுவது, சினிமா, எதுவும் கிடையாது. "தங்கமான பய. இருட்டுனா வாசப்படி தாண்ட மாட்டான்" என்று டீக்கடை தவறாமல் சொல்லித் திரிந்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு இறங்கும்போது இருட்டிவிட்டது. தன் அம்மா சுடலையம்மாளின் கை என்று நினைத்து, வினோத் யாரோ ஒரு பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு பாதிப் படி இறங்கினான். அவள் புருஷன் விட்டான் ஓர் அறை. "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்க" என்று வினோத் பக்கத்துத் தூணிடம் கெஞ்சினான். பையனின் ஒழுக்கமெல்லாம் மாலைக்கண் என்பது அப்போதுதான் கூட வந்திருந்த ஐயாதுரைக்கு உறைத்தது.

கண் ஆஸ்பத்திரியில், பரம்பரையாக வரும் விழித்திரை நோய் என்றார்கள். கட்டப்போகிற பெண் சொந்தம் என்று தெரிந்ததும் அவளுக்கும் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதே கோளாறு அவளிடமும் மறைந்து கிடந்தது. அவள் கண்ணுக்கு ஒன்றும் வராது. ஆனால் இருவரும் கட்டிக்கொண்டால் பிறக்கும் பிள்ளைக்கு அந்த நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"எம்மக இருட்டுல ஊசிக்கு நூல் கோக்கா. அவளுக்கென்ன கோளாறு? வாக்கு வாக்குதான்" என்று ஐயாதுரை குதித்தார்.

செல்வலட்சுமி நிதானமாகக் கேட்டாள்: "நம்ம நாயா இருந்தா இந்த ஜோடியச் சேப்பியளாப்பா?"

ஐயாதுரை எழுந்து நாய்ப் பக்கம் போய்விட்டார். ராத்திரிச் சோற்றையும் அதற்கே வைத்துவிட்டார். தங்கச்சி முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் கவலை.

மறுநாள் சாயங்காலம் சுடலையம்மாள் மகனையும் கூட்டிக்கொண்டு வெற்றிலை பாக்கோடு நாள் குறிக்க வந்துவிட்டாள். ஐயாதுரை தலையைக் குனிந்தபடி, மகள் கேட்ட நாய்க் கேள்வியைச் சொல்லி, பெண் இல்லை என்றார்.

"எம்மகன் உங்க நாய விட மட்டமாண்ணே?"

"நாயா இருந்தா அன்னைக்கே வேண்டாம்னிருப்பேன் தாயி. மனுசன்னு அசந்துட்டேன்" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சுடலையம்மாள் விருட்டென்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கோபத்தில் மகனை மறந்துவிட்டாள். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. வினோத் வாசற்படியிலேயே நின்றான்.

"வாலே, நான் கொண்டு விடுதேன்" என்று ஐயாதுரை அவன் கையைப் பிடித்தார்.

நாலு எட்டு வைத்ததும் வினோத் நின்றுவிட்டான்.

"இது உங்க கைதான, மாமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."