மேலுமலைச் சரிவும் 32 டயரும்

மாங்காய் சீசனில் நாகரசம்பட்டிக்குப் போவது எங்கள் வீட்டு வழக்கம். அது என் மனைவி சங்கீதாவின் ஊர். எப்போதும் பஸ்தான். இந்த மே மாதம், ஜூஜுவாடியிலிருந்து சைக்கிளிலேயே போகலாம் என்றாள். ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். கிருஷ்ணகிரிவரை பெரும்பாலும் இறக்கம் என்பதால் நானும் தலையாட்டிவிட்டேன்.

கடைசி நான்கு கிலோமீட்டர் தோப்புகளுக்கு நடுவே மண் பாதை. அவளுடைய ரோடு பைக்கில் இருந்ததோ 25 மில்லிமீட்டர் டயர். அகலமாக 32 போட்டால் மண்ணில் புதையாது. சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் இடம் இருந்தது. சக்கர விளிம்பை, அதாவது ரிம்மை, இருபுறமும் நெரிக்கும் பிரேக்தான் டயரின் தலையில் இடித்தது. கை நீளமான பிரேக் ஒரு ஜோடி 1,900 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். டயர் தாராளமாகச் சுற்றியது. தெருவில் ஓட்டி பிரேக் பிடித்தேன், நின்றது. தொழிற்சாலை டூல் ரூமில் வேலை பார்ப்பவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று கொஞ்சம் தலைக்கனம் வேறு.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி, சூளகிரியில் இட்லி சாப்பிட்டோம். மேலுமலைச் சரிவு தொடங்கும் இடத்தில் சங்கீதா ஓரங்கட்டினாள். விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே, வழியில் வந்த சின்ன இறக்கத்திலேயே முழுப் பலத்தோடு பிடித்தும் வண்டி நிற்கவில்லை என்றாள். பழகாத கை, அதனால்தான் என்றேன். நல்லவேளை, அதை அவள் காதில் வாங்கவில்லை. அவள் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள்.

"நீங்களே மாட்டி, நீங்களே ஓட்டிப் பாத்து, நீங்களே பாஸ் போட்டுட்டீங்க. எங்க லைன்ல இப்படிப் பண்ணா விடுவாங்களா?"

அவள் கைக்கு லீவர் தூரம். இரண்டு விரல்தான் சேரும். நானும் அவள் வண்டியில் ஏறி, இரண்டே விரலால் பிடித்து, சாலையோரமாகக் கொஞ்ச தூரம் உருட்டிப் பார்த்தேன். காலை ஊன்றித்தான் நிற்க முடிந்தது. கீழே வளைவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன.

அப்புறம்தான் யோசித்தேன். பிரேக்கின் கை நீண்டால் டயருக்கு இடம் கிடைக்கும். ரிம்மை நெரிக்கும் பலம் குறையும். பாத்திரத்தை இடுக்கியின் நுனியால் பிடிப்பது போலத்தான். என் முரட்டுக் கை அந்தக் குறையை மறைத்துவிட்டது.

மாமனார் போனில் மினி வேன் அனுப்பட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டாள். சரிவு முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தோம். ஒரு லாரி கிளீனர் பஞ்சரா என்று கன்னடத்தில் கேட்டார். பிரேக் சரியில்லை என்று சங்கீதாவும் கன்னடத்திலேயே பதில் சொன்னாள். கிருஷ்ணகிரிக்கு அப்பால் மீண்டும் ஏறி ஓட்டினோம், அது அவள் ராஜ்ஜியம். மண் பாதையில் 32 டயர் ஜம்மென்று போக, என் வண்டியின் 25 டயர் புதைந்து நான் தள்ளினேன். திரும்பும்போது பெரும்பாலும் ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை.

டயர் மாற்றப் போகிறவர்களுக்கு: பிரேக் போல்ட்டிலிருந்து ரிம்வரை எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள், பிரேக்கின் கை நீளம் அதைப் பொறுத்ததுதான். டயருக்கு மேலே நான்கு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கல் சிக்கும். லீவரை ஓட்டுபவரின் விரலுக்கு நெருக்கி வையுங்கள். பிரேக்கை அவர் கையாலேயே, சரிவில் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் பழைய பிரேக்கையே மாட்டினேன், அதற்கு அடியில் 28 டயர் சரியாக அடங்கியது. மண்ணில் கொஞ்சம் தடுமாறும், பரவாயில்லை. போன ஞாயிறு மறுபடி போனோம். நடுச் சரிவில் சங்கீதா ஓரமாக ஒதுங்கி, சட்டென்று நிறுத்தினாள். பதறிப்போய் என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லைங்க. நிறுத்தணும்னு தோணுச்சு, நிறுத்தினேன்."