புற்று என்று எழுதினேன்

"ஆல் ரைட், லவ்?" என்று எதிர்வீட்டு மிஸஸ் பார்க்கர் தினமும் காலையில் கேட்கிறார். இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை. பால்காரர் வாசற்படியில் வைத்துவிட்டுப் போன புட்டிகளை எடுக்க நான் கதவைத் திறக்கும் நேரத்தில்தான் அவரும் திறப்பார். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊரில் அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி ஒரு சத்தம் என்று என் கணவர் விளக்கியிருக்கிறார். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஒரே ஒரு நாள் நான் அப்படியே நின்று, "நோ. ஐ ஹேவ் கேன்சர். ஐ ஆம் ப்ரெக்னன்ட் ஆல்ஸோ" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் புட்டியைக் கையில் பிடித்தபடி, வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து வந்து, "ஐ வில் புட் த கெட்டில் ஆன்" என்றார். கேன்சர் என்கிறேன், இவர் வெந்நீர் வைக்கிறேன் என்கிறாரே என்று திகைத்துப்போனேன். டீ போட்டுக் கொடுத்து உடன் உட்கார்ந்திருப்பதுதான் இங்கே ஆறுதல் சொல்லும் முறை என்று பிறகு புரிந்தது.

அப்போது எனக்கு நாலாம் மாதம். இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. பிள்ளை உண்டானால் இப்படியெல்லாம் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன். அந்த மூன்று வாரத்தை இன்றும் மனதில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊர் கடத்தூரில் ஒரு டாக்டர் அப்படிக் கேட்டால், அவருக்கு வைத்தியம் தெரியவில்லை என்று எழுந்து வந்துவிடுவோம். "யூ டெல், டாக்டர்" என்றேன் மரியாதையாக. நான் யோசிக்க அவகாசம் கேட்கிறேன் என்று நினைத்து அவர் அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார். அப்படியும் ஒரு வாரம் போயிற்று. கருவைக் கலைக்காமலே ஐந்தாம் மாதத்தில் மார்பை எடுத்துவிடலாம், கடைசி மாதங்களில் ஊசி மருந்து ஏற்றலாம், கதிர் வைத்தியத்தை மட்டும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "வீ ஹோப் நாட்" என்றார். நம் ஊர் டாக்டர் ஒரு பொய்யாவது சொல்லியிருப்பார்.

கடத்தூரில் எங்கள் தெருவில் போன் கிடையாது. அம்மாவுக்கு ஏர் லெட்டர் எழுதினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டெய்லர் பாய்தான் படித்துக் காட்டுவார், அம்மா சொல்லச் சொல்லப் பதிலும் எழுதுவார். கல்யாணத்துக்கு முன் நான் அங்கே பள்ளி ஆசிரியை. பாயின் மகள் என் வகுப்பில் படித்தவள். பழக்கத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கிவிட்டேன். பிறகு, கேன்சர் என்று எழுதக் கை வராமல், 'இங்கே பார்த்ததில் புற்று என்று சொல்கிறார்கள். செய்ய வேண்டியதைச் செய்கிறோம், பயப்பட வேண்டாம்' என்று முடித்தேன்.

பதில் வந்தபோது நான் அறுவை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தேன். 'புத்துன்னா நீ ஒண்ணும் பயப்படாத. ஏரிக்கரைப் புத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாம பால் ஊத்தறேன், முட்டையும் வெச்சுட்டேன். உங்க அப்பன் அன்னிக்கு நல்ல பாம்ப அடிச்சது, இப்ப உம் மேல வந்து நிக்குது.' யாரோ ஜோசியர் பார்த்து நாக தோஷம் என்று சொன்னதாக அம்மா எடுத்துக்கொண்டிருக்கிறாள்! தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். கடைசி வரி மட்டும் விநோதமாக இருந்தது: 'உடம்பை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.' அம்மா என்னை நீங்கள் என்று அழைத்ததே இல்லை. பாய் கை தவறி எழுதியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அம்மாவின் தவறையும் திருத்தவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எட்டாம் மாத முடிவில் மகள் பிறந்தாள். விரல்களை எண்ணிப் பார்த்தேன், இன்றும் சில நாட்களில் எண்ணுகிறேன். மீதி ஊசிகள் இருந்ததால், இருந்த ஒரு பக்கத்துப் பாலையும் மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள். அம்மா புற்றில் பால் ஊற்றிய வெள்ளிக்கிழமைகளில் நான் இங்கே டின் பால் கரைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்குப் பத்து மாதமானபோது ஊருக்குப் போனோம். பொம்மிடியில் ரயில் இறங்கியதும் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டாள். "வூட்டுக்கு அப்புறம் போலாம், மொதல்ல புத்துக்குப் போயி வேண்டுதல முடிக்கலாம்." புட்டியைப் பார்த்ததும், "சீமைக்குப் போனா பாலு கூடவா சீமைப் பாலு ஆயிரும்?" என்றாள். "சீக்கிரமே நின்னு போச்சும்மா" என்றேன். அது பொய்யில்லை. அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் பாயிடம் போனேன். "பாய், இடது பக்கம் மட்டும் உள்ள கொஞ்சம் துணி வெச்சுத் தெச்சுக் குடுங்க." அவர் மெஷினிலிருந்து தலையை எடுக்கவில்லை. "லெட்டரு படிச்சப்பவே தெரியுமுங்க டீச்சர்" என்றார். "எங்க சின்னம்மா அதுலதாங்க போனாங்க. படிச்சிட்டு உங்கம்மா மொகத்தப் பாக்கறேன். அவங்களே, 'பாம்புப் புத்தா பாய்?'னு கேட்டாங்க. ஆமாங்கக்கான்னுட்டேன்."

"அந்தக் கடைசி வரி?"

"அது நான் எழுதுனதுங்க." துணியைத் திருப்பிப் போட்டார். "ஒரு தடவ ஆமான்னு சொன்னதுக்கே தூக்கமில்லீங்க. இனிமே நீங்க எழுதறத எழுதுனாப்லயே படிச்சிருவேன்."

இந்த வாரம் அம்மாவின் கடிதம் வந்தது. 'அடுத்தது ஆம்பளப் புள்ளையா பொறக்கணும்னு புத்துக்கு மஞ்சத் துணி கட்டிட்டேன். எப்போன்னு எழுது.' இம்முறை கடைசியில் பாயின் வரி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே என்னைப் பரிசோதிக்கிறார்கள். இப்போதைக்கு இன்னொரு குழந்தையை நினைக்கவே வேண்டாம் என்கிறார்கள். தான் பால் ஊற்றி என்னைக் காப்பாற்றியதாக அம்மா நிம்மதியாக இருக்கிறாள். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் நாளைக்கு எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், எந்த வெள்ளிக்கிழமை தவறவிட்டேனோ என்று அவள் சாகும்வரை தன்னையே நொந்துகொள்வாளே.

ஏர் லெட்டர் மேசையில் விரித்தபடி இருக்கிறது. வாசலில் பால் புட்டிகள். இன்னும் கதவைத் திறக்கவில்லை, திறந்தால் மிஸஸ் பார்க்கர் கேட்பார். 'நலம்' என்று எழுதி அடித்துவிட்டேன். ஊரில் இருப்பவர்களே, என்னைப் போலத் தள்ளி வந்திருப்பவர்களே, உங்களில் யாராவது இப்படியொரு கடிதத்தை எழுதியிருந்தால், அல்லது வீட்டிலிருந்து வாங்கியிருந்தால், முதல் வரியை எப்படித் தொடங்கலாம் என்று எனக்குச் சொல்லுங்கள்.